பக்கத்துக் கட்டிலின் இருமல்

மூன்றாம் படிவத்தோடு (ஒன்பதாம் வகுப்பு) பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், உடம்பைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக அறுவைக்குக் காத்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுகிற வேலை, வெயில் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். ஈப்போ பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தது. சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

அறுவைக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண். வலி தெரியாமலிருக்க முதுகுப் பக்கமாக நரம்பு மரப்பு ஊசி (வெட்டும் இடத்து நரம்புகளை மட்டும் மரக்க வைப்பது) போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். குலை ஏற்றுகிறவனுக்கு முதுகுதான் சோறு. முதுகில் ஊசி போட்டால் இடுப்பு போய்விடும் என்று லாரியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில் காதர் அண்ணனுக்கும் அன்றே அதே அறுவை. பீடோரில் சாப்பாட்டுக் கடையும் சொந்தக் காரும் வைத்திருப்பவர். அவர் ஊசிக்குச் சம்மதித்திருந்தார்.

அறுவை முடிந்த மறுநாள் காலை நான் நுனி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன். மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) குமட்டியது. குமட்டும்போதெல்லாம் தையல் தீயாய் இழுத்தது. காதர் அண்ணனோ எழுந்து உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து, கடையில் ஆளைக் கூப்பிடுவதுபோல இருமினார். சளி வந்தது. தாதி பாராட்டினார்.

அவருடைய கடை எனக்கு வேண்டாம், காரும் வேண்டாம். அந்த இருமல் வேண்டும் என்றிருந்தது.

"என்னா தம்பி, பேச மாட்டேங்கிறீங்க? மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கிடைக்குமான்னு கேட்டேன், மிஸ்ஸி (தாதி) ஏசிட்டாங்க லா," என்றார் காதர் அண்ணன்.

என்னைப் பார்க்க வந்திருந்த என் மனைவி சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

"அண்ணன் எப்படி இருமுறாரு பாருங்க. நீங்க ஏன் முனகிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.

மாலையில் காய்ச்சல் வந்தது. அந்த மயக்க மருந்து டாக்டரே வந்து நெஞ்சைச் சோதித்தார்.

"அங்கிள், இருமாம இருந்தா சளி தேங்கி நிமோனியா (நுரையீரல் அழற்சி) ஆயிரும். அப்புறம் மூச்சுக்கே மெஷின் வைக்கிற மாதிரி ஆகலாம்."

பயந்தேன். ஆனால் என் வாயைத் திறக்க வைத்தது பொறாமைதான்.

"அந்த அண்ணனுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க. இப்ப போடலாமா?"

"போடலாம். முதுகெலும்புக்குள்ள போகாது அங்கிள். ஸ்கேன்ல பாத்து, தசைக்கு நடுவுலதான் போடுவோம்."

இதை நான் முன்பே கேட்டிருக்கலாம்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். குளிர்ந்த களிம்பு, பிறகு ஓர் அழுத்தம்.

"பயப்படாதீங்க தம்பி, என் முதுகு அப்படியேதான் இருக்கு!" என்று திரைக்கு அப்பாலிருந்து காதர் அண்ணன் குரல் கொடுத்தார். அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சிறிது நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே ஈரத்துணி கட்டியதுபோல ஆனது. உள்ளே வலி கொஞ்சம் இருந்தது, பொறுக்கும்படி. தலையணையை அணைத்து இருமினேன். நீளமாக, அசிங்கமாக.

"அடேயப்பா, என்னையே தோக்கடிச்சிட்டீங்க லா!"

மரப்பு விட்டதும் வலி திரும்பியது. அதற்குள் நெஞ்சு இளகியிருந்தது. தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் தோல் இன்றும் மரத்தேதான் இருக்கிறது. குளிக்கும்போது அங்கே கை பட்டால் வேறு யாரையோ தொட்டதுபோல் இருக்கும். ஆழமாய் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒவ்வொரு நாளும் தொடங்குகிறது.

இருமிய மறுநாள் காய்ச்சல் இல்லை. காதர் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலி வேண்டாம் என்று நடந்தே போனார்.