இரண்டாம் பாகமும் ஐந்தாம் பாகமும்

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கோபக்காரி. அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிறவன். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு. சனிக்கிழமை மத்தியானம் வீடியோ கேம் ஆடுவோம். வாள், மந்திரம், டிராகன் என்று ஐந்து பாகம் வந்த ஒரு தொடர். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கு அக்கா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அக்காவுக்கு இரண்டாம் பாகம்தான் உயிர். படம் மட்டம்தான். மனிதர்களுக்கெல்லாம் ஒரே மூக்கு. மரங்கள் துடைப்பத்தை நட்டுவைத்த மாதிரி இருக்கும். ஆனால் வழி காட்ட அதில் எதுவும் கிடையாது. குகைக்குப் போக ஊரில் யாரையாவது கேட்க வேண்டும். ‘பாலத்தைத் தாண்டி, எரிந்த மரத்துக்கு வடக்கே’ என்று ஒரு வரி வரும், மிச்சம் நம் பாடு. அக்கா ஒருமுறை படித்தால் போதும், மனசில் ஒட்டிக்கொள்ளும். நான் பாதி நேரம் ஆற்றில் விழுந்து செத்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் பாகத்தில் நம் ஆளுக்கு மூக்கைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் ஆகும். மழையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. ஆனால் தரையில் ஒரு மஞ்சள் கோடு நமக்கு முன்னால் ஓடும். அதன் பின்னாலேயே போனால் புதையல். வந்த புதிதில் அக்கா கரித்துக்கொட்டினாள்.

"என்னடா இது, கையப் புடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி!"

அதே அக்கா இந்த வருஷம் ஐந்தாம் பாகத்தை விட்டு நகரவில்லை. நான் விடுவேனா?

"என்ன, கட்சி மாறிட்டியா?"

"கண்ணுக்கு நல்லா இருக்குடா."

"மழையப் பாக்கணும்னா ஜன்னலத் திற."

பழைய பாகம் நம்மை நம்புகிறது, புதியது நமக்கு அலுத்துவிடுமோ என்று பயப்படுகிறது என்று நான் பிரசங்கம் செய்தேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஐந்தாம் பாகம் அப்டேட் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை. பழைய டிஸ்க்கைப் போட்டேன். வேண்டாம் என்றாள். பிடிவாதமாக ரிமோட்டைக் கையில் திணித்தேன். முதல் ஊர், சந்தை. அங்கிருந்து ஊர்வாசலுக்குப் போவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அக்கா கிணற்றடிக்குப் போனாள், கொல்லன் பட்டறைக்குப் போனாள், மறுபடி கிணற்றடிக்கு வந்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று சிரித்தேன். இன்னொரு தடவை கிணற்றடிக்கு வந்தபோது அவள் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"வாசல மாத்திட்டாங்கடா."

"பழைய டிஸ்க்குல யாருக்கா மாத்துவாங்க?"

"அப்ப நீதான் எதையோ பண்ணிட்ட!"

ரிமோட்டைச் சோபாவில் எறிந்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள். 

"அக்கா... வேன் ஓட்டறப்ப?"

"போன்ல மேப் போட்டுக்கறேன். அது சொல்ற பக்கம் திருப்பறேன்." கையை எடுக்காமலே பேசினாள். "போன வாரம் போன் சார்ஜ் இல்லாம நின்னுபோச்சு. எந்தத் தெருவுல இருக்கேன்னே தெரியல. 'எங்க வீட்டத் தாண்டிட்டீங்க'ன்னு பின்னாலேருந்து ஒரு பொண்ணு சொல்லிச்சு. சும்மா வெளையாட்டுக்குன்னு சொல்லிச் சிரிச்சு சமாளிச்சேன்."

மஞ்சள் கோட்டை அவள் ஏன் விடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா. வேனையும் விட்டுட்டா நான் யாருடா?"

அழுகை வந்தது. ஆனாலும் வண்டி நிறையப் பிள்ளைகள்.

"பிள்ளைங்க இருக்காங்களே அக்கா" என்றேன்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், வரவில்லை. அவளே போனை எடுத்து வேன் முதலாளியைக் கூப்பிட்டாள். "முதுகு சரியில்லைங்க. திங்கள்லேருந்து வேற ஆளப் போட்டுக்கோங்க. மன்னிச்சிடுங்க" என்றாள். அவள் யாரிடமும் அத்தனை பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். காரை நான் ஓட்டினேன். நான் கியர் மாற்றும் லட்சணத்தை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் திட்டு காதுக்கு இதமாக இருந்தது, ஒன்றும் இருக்காது என்றுகூடத் தோன்றிவிட்டது. நாற்சந்தி வந்ததும், "வலது பக்கம் திருப்பு" என்றாள், துளி சந்தேகம் இல்லாத குரலில்.

ஆஸ்பத்திரி இடது பக்கம். எங்கள் அம்மா கடைசியாகக் கிடந்தது அங்கேதான். மாதக்கணக்கில் தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்வந்தவள் அக்கா.

நான் இடது பக்கம் திருப்பினேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, நீயே பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.