தண்ணீருக்கு அந்தப் பக்கம்

மூன்று வருடம் நான் என் மகளோடு பேசவில்லை. பெருமாநல்லூரில் நான் செக்கிங் வேலை பார்க்கும் அதே பனியன் கம்பெனிக்கு, தூத்துக்குடிப் பக்கமிருந்து தைக்க வந்த ஒருவரை அவள் கட்டிக்கொண்டாள். வேறு ஊர், வேறு சாமி. "இனி இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்று சொன்னது நான்தான். இருவரும் அவருடைய கடலோர ஊருக்கே போய்விட்டார்கள்.

அவளுக்குப் பையன் பிறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்று கூட வேலை செய்யும் பெண் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. நான்கு நாள் லீவு கேட்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

காலையில் தூத்துக்குடியில் இறங்கியபோது கொட்டும் மழை, பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர். மகளின் ஊருக்கு எந்த பஸ் என்று டீக்கடை அக்காவிடம் கேட்டேன்.

"அங்கயா? ரோடு அத்துப்போச்சுல்லா. ஒங்க ஊருக்கும் இப்போ பஸ் கெடையாது."

"நடந்து போக முடியாதுங்களா?"

"கழுத்தளவு தண்ணில எப்படி நடப்பிய? இங்கன இருங்க."

கடைக்கு மேலேயே லாட்ஜ். அங்கே இரண்டு நாள் இருந்தேன். கரண்ட் இல்லை. யாரோ ஆட்டோக்காரரிடம் சொல்லி, வண்டி பேட்டரியில் என் போனுக்கு அந்த அக்காதான் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஆரம்பத்தில் அவள் கூப்பிட்டு நான் எடுக்காமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது.

"அம்மா, கூப்பிட்டிருந்தீங்களா?"

"தூத்துக்குடியில இருக்கறங் கண்ணு. உன்னையப் பாக்கத்தான் வந்தேன். ரோடு இல்லீங்கறாங்க."

பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு, "அங்கயே இருங்கம்மா, அவரு வருவாரு" என்றாள்.

மதியம் அவர் வந்தார். ரோடு உடைந்த இடத்தை மீட்புப் படகில் தாண்டி, பிறகு ஒரு லாரியில் ஏறி வந்திருந்தார். இடுப்புவரை சேறு.

"வாங்க அத்தை, போவோம்" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர்போல.

"சாப்பிட்டீங்களா மாப்ளை?" என்றேன். அந்த வார்த்தையை அதற்குமுன் சொன்னதில்லை.

அதே லாரியில் போனோம். ஓரிடத்தில் ரோடு வெட்டியதுபோல் முடிந்து, மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. படகை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போலீஸ்காரர் யாரையும் இறங்க விடவில்லை. அக்கரையில் குடைகளுக்கு நடுவே என் மகள் நின்றாள். கையில் பச்சைத் துண்டில் சுற்றிய பொதி. போன் அடித்தது.

"தெரியுதுங்களாம்மா? தூக்கிக் காட்டறேன்."

"தூக்காதே கண்ணு, நனைஞ்சுருவான். நல்லாத் தெரியுது" என்றேன். துண்டு மட்டும்தான் தெரிந்தது.

இரவு லாட்ஜுக்கே திரும்பினோம். மறுநாளும் படகு வரவில்லை. எங்கள் ஊருக்கு பஸ் ஓடத் தொடங்கியிருந்தது, லீவும் முடிந்திருந்தது. மாப்பிள்ளை என்னை ஏற்றிவிட்டு, பஸ் நகரும்வரை ஜன்னலோரம் நின்றார்.

ரோடு சரியாவதற்கு ஒரு மாதம் ஆனது. மறுபடி போனேன். பையனை மடியில் வாங்கியதும் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கே பாத்திருக்கோணும்மா, இத்தனூண்டு இருந்தான்" என்று மகள் இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினாள். அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.