ஸ்டாண்டில் நேராக நின்ற தண்டு

யாராவது இன்னொருவரைப் புகழ்ந்தால் என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கல்யாணமான புதிதில் தூசி என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிய மார்க், என் அக்கா வீட்டுக்காரரின் புது வண்டி, யாரோ ஒருவருக்கு இன்னும் நரைக்காத தலைமுடி, எதைச் சொன்னாலும் கை கண்ணாடிக்குப் போய்விடும். தன் தம்பியைப் பற்றிச் சொன்னால் இரண்டு பக்கமும் ஊதி ஊதித் துடைப்பார்.

சிறிய விமானங்கள் ஓட்டப் பழக்கும் சங்கத்தில் அவர் மெக்கானிக். நானும் அதே கொட்டகையில்தான், ஒரு மூலையில் தையல் மிஷினோடு. இருக்கை உறையும், இறக்கைமேல் இழுத்துப் போர்த்தும் துணியும் என் வேலை. கொழுந்தன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, விமான வேலைக்கான பரீட்சை எழுதித் தேறி இங்கே வந்தவர். வந்த நாளிலிருந்து எல்லாரும் அவரிடம் சிரித்துப் பேசினார்கள். இவரிடம் வேலையை மட்டும் பேசினார்கள்.

தலைமை மெக்கானிக் ஓய்வு பெறும் சமயம் வந்தது. அந்த இடம் அண்ணனுக்கா தம்பிக்கா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பயிற்சி கொடுக்கும் கேப்டன் அம்மா. அந்த நேரம் பார்த்துத்தான் மஞ்சள் விமானத்தின் வால் சக்கரம் ஆட ஆரம்பித்தது.

“தரையில இறங்கினதும் பின்னாடி கடகடன்னு ஒரே ஆட்டம். பல்லெல்லாம் கழண்டு மடியில விழுந்துடும்போல இருக்கு. யார் பாக்கறீங்க?” என்று கேட்டார் கேப்டன் அம்மா.

“நான் பாக்கறேன்,” என்றார் இவர், தம்பி வாய் திறப்பதற்குள்.

வால் சக்கரம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் பேய் பிடித்தாற்போல் இடமும் வலமும் உதறுமே, அதே நோய்.

இவர் சுத்தக்காரர். தரையில் படுத்து வேலை செய்யப் பிடிக்காது. வாலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். டயரை மாற்றினார். ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் தட்டுகள் தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினார். நட்டுகளை இறுக்கினார். சக்கரம் எந்தத் தண்டில் திரும்புகிறதோ அது செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்தார். நேராகத்தான் நின்றது. கேப்டன் அம்மா ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கொழுந்தன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“அண்ணே, ஸ்டாண்டுல இருந்து இறக்கிப் பாருங்க. ஆள ஏத்தி, பாரம் வெச்சுப் பாருங்க. சக்கரத்தைத் தாங்குற அந்தப் பட்டை ஸ்பிரிங் பழசு. பஸ்ஸுல இப்படித்தான்…”

“இது பஸ் இல்ல. கண்டக்டர் யாராவது இருந்தா விசில் ஊதச் சொல்லு, ஆட்டம் நிக்குதான்னு பாப்போம்.”

“சரிண்ணே,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் ‘சரிண்ணே’தான் இவருக்கு ஆகாது. தம்பி ஒரு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து வாலைத் தரையில் இறக்கினார். முன் சீட்டில் மணல் மூட்டையை வைத்தார்.

“இங்க வா. பின் சீட்டுல ஏறி உக்காரு.”

“நானா?”

“வேற யாரு இருக்கா? உன் எடைக்கு இன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்.”

“நீங்க மட்டும் காத்துல பறக்கறீங்களாக்கும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். நான் தைத்த உறைமேல் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. கீழே சிமெண்டுத் தரையில் அவர் படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்டில் மட்டத்தை வைக்கும் சத்தம்.

“என்னங்க?”

“சாஞ்சிருக்கு.”

பாரம் ஏறியதும் பட்டை தொய்ந்துபோய், தண்டின் மேல்நுனி விமானத்தின் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்தால் சக்கரம் உதறத்தான் செய்யும். வாலைத் தூக்கி வைத்தால் பாரம் போய்விடும், தண்டும் நேராகிவிடும்.

“அவன் பாக்காமலே சொல்லிட்டான்,” என்றார் தரையிலிருந்தே.

புதுப் பட்டை போட்டதும் ஆட்டம் நின்றது. கேப்டன் அம்மா சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“இப்பப் பல்லு பத்திரம். யாரு கண்டுபிடிச்சது?”

கொழுந்தன் முந்திக்கொண்டார். “அண்ணன்தான். ஒத்த ஆளா பாத்தாரு.”

இவர் முகம் போன போக்கை நான் மிஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். காத்துக்கொண்டிருந்த இடம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் எடுத்துக் கொடுப்பது தம்பி.

“பொய். இறக்கிப் பாருன்னு சொன்னவனே அவன்தான். நான்தான் கேக்கல. எனக்கு எவனும் எதையும் விட்டுக்குடுக்க வேணாம்.”

கேப்டன் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏங்க சொன்னீங்க? அவர்தான் உங்க பேரையே சொல்லிட்டாரே.”

“அதான். நல்லவன்கற பேரையும் அவனே வாங்கிக்கணுமா?”

இப்போது கொழுந்தன்தான் தலைமை மெக்கானிக். இவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார். வால் சக்கர வேலை எது வந்தாலும் இவரிடம்தான் தருகிறார்கள். வேலையைத் தவிர அண்ணனும் தம்பியும் வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை.