அத்தை வாங்கிய லாக்கர்

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த இரும்பு லாக்கரை இரண்டு கைகளாலும் முட்டுக்கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை. அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பாவின் அக்கா அவர். தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத் தென்னந்தோப்புக்குள் வீடு. மாமா இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் சென்னையில் வேலை பார்த்தாள். அவளுடைய கல்யாணம் நிச்சயமாகி, நகையெல்லாம் எடுத்து முடித்த சமயத்தில் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் திருட்டுப் போனது. அவர்கள் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் திருடர்கள் பீரோவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்திருந்தார்கள். அன்றிலிருந்து அத்தைக்குத் தூக்கம் போயிற்று. பேங்கில் லாக்கர் காலியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கோவையில் குடியிருந்த நான்தான் அவரைக் காந்திபுரத்துக் கடைக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் முதலில் நெம்பர் அழுத்தித் திறக்கும் லாக்கரைக் காட்டினார்.

"ஏனுங்க, நெம்பரு மறந்துபோச்சுன்னா என்ன பண்றதுங்க?"

"அவசரத்துக்கு ஒரு சாவி குடுப்போமுங்க."

"அப்பறம் சாவி போடறதையே குடுத்துருங்க."

சாவி வைத்த லாக்கரில் இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்து எடுத்தோம். தரையில் துளையிட்டு நாலு மூலைக்கும் போல்ட் போட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர், "நாலு ஆளு வந்தாலும் பேத்தெடுக்க முடியாதுங்க. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

எங்கே வைப்பது என்பதை அத்தையே முடிவு செய்தார். வீட்டின் பின்பக்கம் அரிசி மூட்டையும் மாட்டுத் தவிடும் போட்டு வைத்திருக்கும் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. திருடன் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்த் தேடமாட்டான் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விடிந்தும் விடியாத வேளையில் போன் வந்தது.

"அம்மணி, ஆனை வந்து செவுத்தத் தள்ளிப்போடுச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போறயா?"

கடையில் ஏதோ வாங்கிவரச் சொல்வது போல இருந்தது குரல். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வனத்துறை ஆட்கள் வந்திருந்தார்கள். அரிசி வாசத்துக்கு வந்த யானை, பின்சுவரை முட்டித் தள்ளி மூட்டையை வெளியே இழுத்திருக்கிறது. கன்று போடும் நிலையில் இருந்த மாடு கத்தியதால் அத்தை சற்று முன்னால்தான் எழுந்து தொழுவத்துக்குப் போயிருக்கிறார். யானை தின்றுவிட்டுத் தோப்புக்குள் திரும்பும்வரை மாட்டின் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றாராம்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். லாக்கர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். அதை ஒட்டினாற்போல ஒரு இரும்புக் கட்டில், நடுவில் ஒடிந்து தரையோடு கிடந்தது. தலையணை இருந்த இடத்தில் செங்கல் குவியல். அந்தக் கட்டில் அங்கே எப்படி வந்தது என்று எனக்குப் புரியவே கொஞ்சநேரம் ஆனது. புரிந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து போன்.

"நகை பத்தரமா இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா."

"அப்பாடா" என்று மூச்சு விட்டவர், பிறகுதான் "அக்கா எங்க?" என்றார். அக்காவுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர் என் அப்பா. அவருக்கும் முதலில் நகைதான் வாயில் வந்தது. அன்று கூப்பிட்ட உறவினர் ஒவ்வொருவரும் அதையேதான் முதலில் கேட்டார்கள்.

மதியம் மகள் வந்து சேர்ந்தாள். நேராக அந்த அறைக்குத்தான் போனாள்.

"கட்டலு எதுக்கும்மா இங்க கெடக்குது?"

அத்தைதான் சொன்னார்: "லாக்கருக்குப் பக்கத்துல படுத்தாத்தான் தூக்கம் வந்துச்சு, கண்ணு."

சிதறிக்கிடந்த அரிசியின் மேலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஒடிந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். மகள் சாவியை வாங்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. நகை மகளோடு போய்விட்டது. அத்தை இப்போது முன்னறையில் படுக்கிறார்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு லாக்கர் வாங்கப்போவதாகச் சொல்லி, எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டார். கனம், பூட்டு, போல்ட் எல்லாம் சொன்னேன். கடைசியில் என்னையறியாமல், "அதுக்குப் பக்கத்துல மட்டும் யாரும் படுத்துக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.