மறையூரில் தண்ணீர் தேடிய முதலாளி

பணம் சேர்க்கிற முதலாளியிடம் வேலை பார்ப்பது சுலபம். கொடுக்கக் கிளம்பிவிட்ட முதலாளியிடம் உதவியாளராக இருப்பதுதான் பிராணசங்கடம். இதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்திருக்கும் சக பாவிகளே, கேளுங்கள். என் முதலாளி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாட்டு வண்டியில் தேங்காய் மட்டை ஏற்றி விற்றவர், இன்று பல கயிறு ஆலைகளுக்குச் சொந்தக்காரர். எடுத்த காரியம் முடியாமல் அவரும் தூங்க மாட்டார், என்னையும் தூங்க விட மாட்டார்.

இளநீர் வைத்தியம்

வெல்லம் வாங்க, மலைமேல் இருக்கும் மறையூரில் காரை நிறுத்தினோம். உடுமலைப்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், நடக்க முடியாமல் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தார். தேங்காய்க்காரருக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. அந்தப் பெண் கையால் தடுத்தார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இளநீர் ஆகாதாம்.

பெயர் செல்லத்தாய், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸுக்காக மலையிறங்கிப் போய் வருகிறார். "ஊசி ரொம்ப வலிக்குங்களாம்மா?" என்று முதலாளி கேட்டார். செல்லத்தாய் சொன்னார்: "ஊசி பழகிருச்சுங்கய்யா. திரும்பி மலையேறி வாரதத்தான் ஒடம்பு தாங்கல. பேசாம நிறுத்திரலாமான்னு இருக்கு."

எழுந்து நின்ற தேங்காய்

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "மறையூர்லயே அந்த மிஷினைக் கொண்டாந்து வெக்கறனுங்க. அதுவரைக்கும் விட்றாதீங்கம்மா" என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். வெல்லம் வாங்கவே மறந்துவிட்டோம்.

கட்டடம் கிடைத்தது, டாக்டரும் கிடைத்தார். டயாலிசிஸுக்குக் குடம் குடமாய்ச் சுத்தமான தண்ணீர் வேண்டுமே, அது கிடைக்கவில்லை. நீரோட்டம் பார்க்க ஒரு நிபுணரைக் கருவியோடு வரவழைத்தேன். அவர் ஒரு மூலையைக் காட்டினார். முதலாளியோ எங்கள் ஊர் வழக்கப்படி உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் அது எழுந்து நின்றது; அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமாம். அங்கேயே துளை போட்டோம். புழுதிதான் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளையாகிப் போன போர்வெல் வண்டிக்காரர் சொன்னார்: "தேங்கா எந்திரிச்சு நின்னுச்சுங்க, தண்ணிதான் எந்திரிக்கல."

என் அருமையான யோசனை

நிபுணர் காட்டிய மூலையிலும் புழுதிதான். இதில் எனக்கு வருத்தம், முதலாளிக்குக் கொஞ்சம் ஆறுதல். நோயாளிகள் போய்வர வேன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றேன். உண்மையைச் சொன்னால், லாட்ஜ் குளிரில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டீல போறதுக்கே தெம்பில்லைங்கறவங்களுக்கு இன்னொரு வண்டி குடுக்கச் சொல்றயாப்பா?"

வாங்கத் தெரியாதவர்

பக்கத்தில் கரும்பு ஆலை வைத்திருந்த பழனிவேல் ஒருநாள் வந்தார். மேட்டு ஊற்றிலிருந்து தன் வயலுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கைக் குழாய் போட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. முதலாளி உடனே விலை கேட்டார். "வெல எல்லாம் வேணாங்க" என்றார் பழனிவேல். "சும்மா வாங்கிப் பழக்கமில்லீங்க" என்று முதலாளி முறைத்தார். கைக்கு எட்டிய தண்ணீர் இந்த வறட்டுப் பிடிவாதத்தில் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. எழுந்துகொண்டே பழனிவேல் கேட்டார்: "நீங்க குடுத்தா நாங்க வாங்கிக்கணும், நாங்க குடுத்தா மட்டும் வாங்க மாட்டீங்களோ?"

முதல் நாள்

அன்று மாலையே முதலாளி ஆலைக்கு நடந்து போய், பழனிவேலைக் கும்பிட்டுத் தண்ணீரை வாங்கிக்கொண்டார். அவர் யாரிடமும் கைகூப்பி எதையும் பெற்றதை அதுவரை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

நிலையம் திறந்த அன்று முதல் கட்டிலில் செல்லத்தாய். மெலிந்து பாதியாகியிருந்தார், ஆனால் விடவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர், இந்த நிலையத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். செல்லத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பொழுது இருக்கய்யா இன்னும். இன்னைக்கி நானே போயி சோத்துக்கு ஒல வைப்பேன்."

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறி, அடுத்த நிலையத்துக்கு இன்னொரு மலையூரான அகளிக்குப் போகலாம் என்றார் பாருங்கள், கொடுக்கப் பழகிய முதலாளிக்கு ஓய்வு வயது கிடையாது, ஆகவே நமக்கும் கிடையாது!