மேல்மாடியில் ஒரு ஜெர்மன் வகுப்பு

ஜெர்மன் மொழி ஒரு வாசலால் உள்ளே வந்தால், தான் மறு வாசலால் வெளியே போய்விடுவதாக அந்த அம்மா கூட்டத்தில் அறிவித்தார். எங்கள் நூலகத்துக்கு இருப்பதே ஒரு வாசல்தான், அதிலும் பாதுகாப்புக்காரர் பையைத் திறந்து பார்த்த பிறகுதான் ஆளை விடுவார் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. அவர் தொண்ணூறைத் தாண்டியவர். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள்.

வட லண்டனில் உள்ள யூத சமூக நூலகம் அது. அங்கே நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்வது என் வேலை. ஞாயிறு காலை சிறுவர்களுக்குக் கதை நேரம், செவ்வாய் மாலை யாராவது ஒருவரின் சொற்பொழிவு, புதன் மத்தியானம் பாட்டு வட்டம். வெள்ளி மத்தியானத்தோடு பூட்டினால் யூதர்களின் ஓய்வுநாளான சனி முடிந்து ஞாயிறுதான் திறப்போம். ரெய்னர்ஸ் லேனிலிருந்து போகும் ஒரு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று எங்கள் கோயிலில் கேட்காதவர்கள் இல்லை. நேர்முகத்திலும் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள். எங்கள் கோயில் பங்கில் வருடக்கணக்காக விழா நடத்தியவள் நான், முதியவர்களைச் சண்டை வராமல் கதிரையில் இருத்தவும், பேச்சாளரை நேரத்துக்கு மேடையிலிருந்து இறக்கவும் தெரியும், தேநீர் ஆறிப்போனால் எந்தப் பேச்சும் எடுபடாது என்பதும் தெரியும் என்றேன். சிரித்தார்கள், வேலையைத் தந்தார்கள். தந்தது சரியென்று முதல் மாதத்திலேயே காட்டிவிட்டேன்.

லண்டனுக்கு வருமுன் இருபது வருடத்துக்குக் கிட்ட நான் ஜெர்மனியில் இருந்தவள். மேற்கில் ஒரு நிலக்கரி நகரம். அகதி விடுதி, பிறகு உணவகச் சமையலறை, பிறகு முதியோர் இல்லம் என்று அந்த மொழி என் நாக்கில் ஏறியது. இங்கே வந்தபின் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிரெக்சிட் வந்து பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகுதான் அதற்கு ஒரு காலம் பிறந்தது. ஹிட்லரின் நாசி காலத்தில் ஜெர்மனியை விட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பறிக்கப்பட்ட குடியுரிமையை உரிமையோடு திரும்பக் கேட்டு, ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் அங்கத்தவர்களில் பலர் எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தது, மொழி ஒரு சொல்லும் இல்லை. அவர்களில் ஒரு பல் வைத்தியர், ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் அதிகாரி ஜெர்மனில் ஏதோ கேட்டபோது தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதாகத் தேநீர் மேசையில் சொன்னார். "நான் படிப்பிக்கிறன்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு அது எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அதைத்தான் அந்த அம்மா கூட்டத்தில் எதிர்த்தார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுபிள்ளையாக, தாயை விட்டு, ரயிலிலும் கப்பலிலும் தனியாக லண்டனுக்கு வந்தவர். தாய் வரவே இல்லை. இங்கே தன்னை வளர்த்த குடும்பத்திடம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழியான இத்திஷைப் படித்து, அந்தப் பாட்டுகளையே தன் பாட்டுகளாக்கிக்கொண்டார். புதன்கிழமைப் பாட்டு வட்டம் அவருடையது. அவர் தடியால் நிலத்தில் தட்டித் தாளம் போடாவிட்டால் அங்கே ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஜெர்மன் மட்டும் அவர் வாயிலிருந்து எண்பது வருடத்துக்கும் மேலாக வந்ததில்லை.

நூலகக் குழுவின் தலைவர் சமாதானமான மனிதர். நான்கு வகுப்பு நடத்திப் பாருங்கள், மேல்மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, என்றார். அதன் பிறகு அந்த அம்மாவின் முடிவுதான் முடிவு, அவரை இழக்க முடியாது என்பதையும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதில் எனக்கு மறுப்பில்லை. அவரை இழக்க நானும் விரும்பவில்லை, ஆனால் என் வகுப்பையும் விட மனமில்லை. இந்த நூலகத்தில் நானாக உண்டாக்கிய முதல் நிகழ்ச்சி அது.

வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன்.

"ஜெர்மன்காரன் துரத்தின ஆக்களுக்கு, ஜெர்மன்காரன் இடம் குடுத்த நீர், லண்டனிலை இருந்து ஜெர்மன் படிப்பிக்கப் போறீர்" என்று இவர் சிரித்தார். "உதை ஊரிலை சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"நம்பாட்டில் போகட்டும். இஞ்சருங்கோ, உங்கடை சாப்பாட்டை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ, நான் பாடம் எழுதோணும்" என்றேன்.

பாடம் எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. நான் படித்த ஒழுங்கிலேயே எழுதினேன். பள்ளிக்கூடத்து ஜெர்மன் எனக்குத் தெரியாது. நான் முதலில் படித்தது வெளிநாட்டவர் அலுவலகத்தின் கவுண்டரில். ஆகவே முதல் வகுப்பில் வெள்ளைப் பலகையில் எழுதிய வசனங்கள் இவை: தயவுசெய்து, எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும்? மன்னிக்கவும், எனக்குச் சரியாக விளங்கவில்லை. தயவுசெய்து, இன்னும் கொஞ்சக் காலம் தர முடியுமா? நான் மறுபடி எப்போது வர வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு பேர் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது வகுப்பில்தான் பல் வைத்தியர் கையை உயர்த்தினார். தாங்கள் அந்த நாட்டுப் பிரஜைகள், எதற்காக இப்படிக் காலம் நீட்டிக் கேட்க வேண்டும், ஒரு கோப்பி கேட்கப் படிப்பித்தால் போதுமே என்றார். எனக்குச் சுருக்கென்றது. காரியம் ஆகும்வரை கழுதையின் காலையும் பிடிக்க வேண்டும் என்ற எங்கள் பழமொழியை ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார். கோப்பிக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது வகுப்பில் நாடகம் போட்டோம். யன்னலோரம் ஒரு மேசை, அதன் பின்னால் அதிகாரியாக நான், முன்னால் வரிசையில் மாணவர்கள். பல் வைத்தியர் இன்னும் கொஞ்சக் காலம் கேட்டுக்கொண்டு நின்றபோது கதவு திறந்தது. தடியை ஊன்றியபடி அந்த அம்மா. படியேறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. என் வகுப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு பேசியதெல்லாம் ஆங்கிலமும் ஜெர்மனும். ஆனால் மனதுக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"கீழை கேக்குது" என்றார்.

"கதவு சாத்தித்தானே இருந்தது, அம்மா."

"சாத்தினாலும் அந்த மொழி எனக்குக் கேக்கும்."

பலகையை நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு வசனமாக வாசித்தார். உதடுகள் அசைந்தன.

"இதுகளை எங்கை படிச்சனீர்?"

"கவுண்டரிலை."

"எழும்பும்" என்றார்.

எழுந்தேன். என் கதிரையில், அதிகாரியின் கதிரையில், அவர் உட்கார்ந்தார். தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டி, ஜெர்மனில், "அடுத்தவர்!" என்றார். பேச்சு என்னவோ ஒரு சிறுபிள்ளை பேசும் ஜெர்மன்தான், அவர் விட்டுவந்த வயதோடு நின்றுபோன ஜெர்மன். ஆனால் முகம் அதிகாரியின் முகம். அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன்.

பல் வைத்தியர் தன் வசனத்தைச் சொன்னார். "ஏலாது. அடுத்தவர்" என்றார் அந்த அம்மா. அடுத்த பெண் எப்போது மறுபடி வர வேண்டும் என்று கேட்டார். "வரத் தேவையில்லை." அதற்கடுத்தவருக்குப் பேப்பர் ஒன்று குறைந்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வரிசை முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"என்ரை அம்மா இப்பிடித்தான் கேட்டவ. உம்மடை ஜெர்மனைவிட நல்ல வடிவான ஜெர்மன். நான் அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டனான். பணிஞ்சு கேட்டால் தருவினம் எண்டு அவவுக்கும் ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். நீர் ஏன் இவையளுக்கும் அதையே சொல்லிக் குடுக்கிறீர்?"

எனக்குக் கோபம் வந்தது. வயதுக்கு மரியாதை கொடுக்கலாம், அதற்காக என் வாழ்க்கையைப் பிழையென்று ஒப்புக்கொள்ள முடியாது.

"எனக்கு வேறை ஆர் என்னத்தைச் சொல்லித் தந்தவை? உந்த வசனங்களாலைதான் நான் தப்பினனான்" என்றேன்.

"ஓம். நீர் தப்பினீர். அம்மா தப்பேல்லை. வசனம் ஒண்டுதான்."

அத்தனை வருடமும் என் பணிவுதான் என்னைக் காப்பாற்றியது என்று நம்பியிருந்தேன். மேசைக்கு மறுபக்கம் இருந்தவன் அன்றைக்கு என்ன மனதோடு படுக்கையை விட்டு எழும்பியிருந்தான் என்பதில்தான் எல்லாம் இருந்தது என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

"இப்ப நீர் வாரும்" என்றார். "பலகையைப் பாக்காமல் கேளும்."

மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நின்றதும் பழைய பழக்கத்தில் கைகள் தாமாக முன்னால் கோர்த்துக்கொண்டன. அவற்றைப் பிரித்து மேசையில் ஊன்றினேன். பிறகு ஜெர்மனில் சொன்னேன்: நான் விடியலிலிருந்து நிற்கிறேன். என் தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. நீங்கள் அவற்றை இன்னும் வாசிக்கவில்லை. வாசிக்கும்வரை இந்த இடத்தை விட்டு நான் அசைய மாட்டேன்.

நிலக்கரி நகரத்து உச்சரிப்பு அப்படியே வந்தது. அந்த நாட்டில் இருந்த அத்தனை வருடத்திலும் எந்தக் கவுண்டரிலும் நான் இதைச் சொன்னதில்லை.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"உரத்து" என்றார், ஜெர்மனில்.

மறுபடி சொன்னேன். கீழே வாசிப்பறையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். அப்படியொரு சந்தோஷத்தை நான் அந்த மொழியில் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அவர் பல் வைத்தியரைப் பார்த்தார். "இதை எழுதும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கக் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் பலகையைத் துடைத்துவிட்டு, சற்று முன் நான் சொன்ன நான்கு வசனத்தையும் எழுதிப் போட்டேன். அவற்றின் கீழே, கோப்பி கேட்கும் வசனம் ஒன்றும் எழுதினேன். தயவுசெய்து என்ற சொல்லைக் கோப்பிக்கு மட்டும் வைத்தேன்.

நான்காவது வகுப்பும் முடிந்து குழு கூடியது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்கும் தெரியாது. இடையில் வந்த புதன்கிழமைகளில் அவர் பாட்டு நடத்தினார், நான் தேநீர் கொடுத்தேன், அன்று மாடியில் நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவரிடம் முடிவைக் கேட்டார்.

"அந்த மொழியை நான் மன்னிக்கேல்லை. மன்னிக்கப் போறதுமில்லை" என்றார். "வகுப்பு நடக்கட்டும்."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகிழ்ச்சி மிகுதியில், இனி அவரும் வகுப்புக்கு வந்து கலந்துகொள்ளலாமே என்று ஒரு வார்த்தையை விட்டார்.

"நான் வரமாட்டன்" என்றார். என்னைப் பார்த்தபடிதான் சொன்னார். "என்ரை அம்மா சொல்லிக் கேக்க நினைச்சதை அண்டைக்கு மேல்மாடியிலை உம்மடை வாயாலை கேட்டிட்டன். எனக்கு அது காணும்."