ராக்கப்பனின் பாதி உலகம்

“இந்தப் பாலத்துக்கு முப்பத்து மூணு கண்ணு சார். எண்ணிக்கோங்க. ஒண்ணு கொறஞ்சாலும் கம்பளத்தைச் சும்மா தூக்கிட்டுப் போங்க” என்று சுவரில் தொங்கும் காலண்டரை விரலால் தட்டுகிறார் ராக்கப்பன். மஸ்கட், ரூவியில், தையல் கடைக்கும் மொபைல் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஈரானியக் கம்பளக் கடை அது. எதிரே நிற்பவர் வெறும் கால்மிதி வாங்க வந்தவர். இஸ்ஃபஹான் நகரத்தின் வரலாறு அவருக்கு ஓசியில் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

ராக்கப்பனுக்குச் சொந்த ஊர் பரமக்குடி, வயது நாற்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாக இந்தக் கடையில்தான் கம்பளம் விரித்துச் சுருட்டுகிறார். இஸ்ஃபஹானை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு அடித்துப் பேச முடிகிறது. நேரில் பார்த்தவனுக்குத்தானே சந்தேகம் வரும்!

“ஷா அப்பாஸ்னு ஒரு ராஜா. தலைநகரையே தூக்கிட்டு வந்து இங்கிட்டு வச்சுட்டாரு. கம்பெனிக்காரன் கேம்ப்பை மாத்துறதில்லையா, அது மாதிரி. மேல சொல்லிட்டா யல்லாதான், பொட்டியக் கட்டிற வேண்டியதுதான்.” அந்த ராஜா போட்ட பெரிய மைதானத்தில் குதிரைமேல் உட்கார்ந்து பந்தடிப்பார்களாம். கல் கோல்கம்பம் இன்னும் நிற்கிறது. அந்த ஊரில் வேறோர் இடத்தில் ஒரு ஜோடி மினார். ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடும். “எங்க ரூம்லயும் அதே கதைதான் சார். ஒருத்தன் பொரண்டு படுத்தா நாலு கட்டிலும் ஆடும்.” ஓர் அரண்மனைக்கு ‘நாற்பது தூண்’ என்று பெயர். நிற்பது இருபதுதான். மீதி இருபது, முன்னாலிருக்கும் குளத்துத் தண்ணீரில் நிழலாகத் தெரியும். “இருபது கட்டிட்டு நாப்பதுன்னு எழுதியிருக்கான் பாருங்க, அவன்தான் சார் மொத கான்ட்ராக்டர்!”

இஸ்ஃபஹானைப் பாரசீகத்தில் ‘நிஸ்ஃபே ஜஹான்’ என்பார்கள். பாதி உலகம் என்று அர்த்தம். மீதிப் பாதி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ராக்கப்பன் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: “அது பரமக்குடி.”

இவ்வளவு ஞானமும் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று, ராக்கப்பன் ‘அர்பாப்’ என்று கூப்பிடும் முதலாளி பர்விஸ். எழுபதைத் தாண்டிய இஸ்ஃபஹான்காரர். மத்தியானத் தேநீரோடு, அரபியும் இந்தியும் கலந்து ஊர்க்கதை சொல்வார். இன்னொன்று, அவர் கழற்றவே விடாத அந்தப் பழைய காலண்டர். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். இதில்தான் ராக்கப்பன் வழுக்கி விழுந்தார். எந்த மாதத்துக்கு எந்தப் படமோ, அந்த மாதத்தில்தான் அந்த இடத்தைத் திறப்பார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். குளச்சல்காரி நர்ஸ் ஷாஜினியிடம், “ஏப்ரல்ல போகாதீங்கம்மா, நாப்பது தூணு ஆகஸ்ட்லதான்” என்று அடித்துச் சொன்னார். அந்தப் பெண் லீவை மாற்றிக்கொண்டு, ஆகஸ்ட் வெயிலில் வெந்து, அரண்மனை வருடம் பூராவும் திறந்திருப்பதை டிக்கெட் கொடுப்பவனிடம் தெரிந்துகொண்டு வந்து கடையில் ஆடித் தீர்த்தார்.

பர்விஸ் அன்றைக்கே சொல்லிவிட்டார்: “ஏக் அவுர் கம்ப்ளைன்ட், கலாஸ். விசா ரினியூ மாஃபி.” இன்னொரு புகார் வந்தால் விசாவைப் புதுப்பிக்க மாட்டார், ஊருக்குப் போக வேண்டியதுதான். விசா அடுத்த மாதம் முடிகிறது. மகள் அருணா நர்சிங் இரண்டாம் வருடம். ராக்கப்பனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வாய்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

போன வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் ஆதித்யா வந்தார். ராக்கப்பன் சொன்னதைக் கேட்டு மனைவியை இஸ்ஃபஹானுக்குக் கூட்டிப்போய்த் திரும்பியவர். முகம் கடுகடுவென்று இருந்தது.

“ராக்கப்பன், ஆறு கரை தொட்டு ஓடும், பாலத்துப் படியில உக்காந்தா கால் நனையும்னு சொன்னீங்களே! ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பசங்க ஆத்துக்குள்ள ஃபுட்பால் ஆடுறாங்க. நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா, இல்லையா?”

கல்லாவிலிருந்து பர்விஸ் நிமிர்ந்தார். “க்யா, கம்ப்ளைன்ட்?”

ஆதித்யா போனில் வீடியோவைப் போட்டுக் கிழவரின் முன்னால் வைத்தார். முப்பத்து மூன்று கண்ணும் வரிசையாக நின்றன. கீழே வெடித்த மண்.

அந்த ஆற்றுக் கதை ராக்கப்பன் விட்ட கப்சா இல்லை. சின்ன வயதில் அந்தப் பாலத்திலிருந்து குதித்து நீந்தியதை பர்விஸே நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவர் ஊருக்குப் போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. அக்கா அங்கிருந்து போனில் ஆற்றுப் பேச்சை எடுத்தாலே “கலாஸ்” என்று வெட்டிவிடுவார். விஷயம் தெரியாதவர் இல்லை. கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ‘அர்பாப் சொன்னதைத்தான் சொன்னேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் ராக்கப்பன் தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் போனின் மேல் குனிந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை ராக்கப்பனுக்கு.

“அர்பாப், யே இஸ்ஃபஹான் நஹி” என்றார் சத்தமாக. “யே மேரா காவ். வைகை நதி. ஹமேஷா பானி மாஃபி. சார் கலத் வீடியோ திகாயா.” இது இஸ்ஃபஹான் இல்லை, என் ஊர் வைகை, எப்பவும் தண்ணி கிடையாது, சார் வேற வீடியோவைக் காட்டிட்டார் என்று அர்த்தம்.

ஆதித்யா வாயைத் திறந்தார். கல்லா மேசைக்கு அடியில், அவருடைய காலை ராக்கப்பன் அழுத்தி மிதித்தார். ஆதித்யா கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பர்விஸ் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உன் ஊர்ப் பாலம் ரொம்ப அழகு, ராக்கப்பா” என்றார் இந்தியில். அப்புறம், “நாளைக்கு பாஸ்போர்ட் கொண்டு வா, விசா ரினியூ பண்ணணும்” என்றார்.

வீடியோ முடிகிற வரைக்கும் ராக்கப்பன் ஆதித்யாவின் கால்மேலிருந்து தன் காலை எடுக்கவில்லை.